திருச்சியில் எகானமி டிக்கெட், கையில் ஒரு கார்டு: லவுஞ்ச் சேவை எவ்வளவு தேறும்?

திருச்சியிலிருந்து பறப்பவருக்கு லவுஞ்ச் (விமான நிலையத்துக்குள் சாப்பாட்டோடு உட்கார்ந்து காத்திருக்கும் தனி அறை) என்பது டிக்கெட்டோடு வருவதில்லை, கார்டோடு வருவது. காரணம் எளிது. சிங்கப்பூருக்கு ஸ்கூட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இண்டிகோ. கோலாலம்பூருக்கு ஏர் ஏசியா, பாத்திக் ஏர். வளைகுடாவுக்குப் பெரும்பாலும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். இவற்றில் எதுவும் ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்டு மாதிரியான விமானக் கூட்டணிகளில் உறுப்பினர் இல்லை. அடிக்கடி பறந்து சேர்த்த கோல்டு அட்டையை நீட்டினால் எகானமிக்காரருக்கும் லவுஞ்ச் கிடைக்கும் என்று இணையத்தில் சொல்கிறார்களே, அது கூட்டணி விமானங்களுக்கான கதை. ஏர் இந்தியா ஸ்டார் அலையன்ஸில் இருந்தாலும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் அதில் இல்லை. திருச்சியில் இறங்கி ஏறும் விமானங்களில் கூட்டணி அட்டைக்கு மதிப்புள்ளது என்று சொல்ல கொழும்பு போகும் ஸ்ரீலங்கன் ஒன்றுதான். அது 2014 முதல் ஒன்வேர்ல்டில் இருக்கிறது.

ஆக, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று டெல்டாவின் எந்த மூலையிலிருந்து கிளம்பினாலும் மிஞ்சுவது வங்கி கார்டு, அல்லது கைக்காசு. இந்த இரண்டையும் எடை போடுவதுதான் இங்கே வேலை.

முதலில், இது தேவையா என்று பார்த்துவிடலாம். டெல்டாக்காரருக்கு மற்ற ஊர்க்காரரைவிடத் தேவை கொஞ்சம் கூடுதல் என்றே சொல்ல வேண்டும். கும்பகோணத்திலிருந்து திருச்சிக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம். நாகையிலிருந்து மூன்றுக்குக் குறையாது. நடுவழியில் டயர் போனால் என்ன செய்வது என்று ஒரு மணி நேரம் முன்கூட்டியே கிளம்புவார்கள். வெளிநாட்டு விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டிப் புறப்படுகின்றன. ஸ்கூட்டிலும் ஏர் ஏசியாவிலும் சாப்பாடு டிக்கெட் விலையில் சேராது. வெளியிலிருந்து கொண்டுவந்ததை விமானத்துக்குள் பிரித்துச் சாப்பிடவும் விதிப்படி அனுமதி இல்லை. வீட்டில் கட்டிய புளியோதரையை ஏறுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். இந்த நிலையில் உட்கார ஒரு மெத்தை நாற்காலி, சுடச்சுட ஏதாவது ஒரு தட்டு, போனுக்கு மின்சாரம், சுத்தமான கழிப்பறை என்று கிடைத்தால் நல்லதுதான். கார்டைத் தேய்த்து 2 ரூபாய்க்குக் கிடைத்தால் ரொம்ப நல்லது. கைக்காசாக 3,000 ரூபாய் என்றால் யோசிக்க வேண்டும்.

கார்டில் எழுதியிருப்பதும் எழுதாததும்

"காலாண்டுக்கு ஒரு இலவச டொமஸ்டிக் லவுஞ்ச்." வங்கிக் கிளையில் கார்டு கொடுக்கும்போது சொல்லும் வாசகம் இது. திருச்சிப் பயணியை அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். டொமஸ்டிக் என்றால் உள்நாட்டு விமானப் பயணிகள் காத்திருக்கும் பகுதியில் உள்ள லவுஞ்ச் என்பது ஒரு பொருள். இமிகிரேஷன் முத்திரை விழுந்த பிறகு அந்தப் பக்கம் உங்களால் போக முடியாது. சிங்கப்பூர் போகிறவருக்கு அந்தச் சலுகை கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை. ஆனால் சில கிரெடிட் கார்டுகளில் அதே சொல்லுக்கு "இந்தியாவுக்குள் இருக்கும் லவுஞ்சுகள், உள்நாட்டு முனையமானாலும் பன்னாட்டு முனையமானாலும்" என்று பொருள். எச்டிஎஃப்சி ரெகாலியா கோல்டு அந்த வகை. ஒரே சொல், இரண்டு பொருள். கார்டின் விளம்பரத் தாளைப் பார்த்தால் இது தெரியாது. வங்கியின் இணையதளத்தில் லவுஞ்ச் பட்டியல் என்று தனியாக ஒன்று இருக்கும். அதில் திருச்சி என்ற வரியைத் தேடி, எதிரே டொமஸ்டிக் என்று இருக்கிறதா, இன்டர்நேஷனல் என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடி பார்ப்பது நல்லது. அந்தப் பட்டியல் சொல்லாமல் கொள்ளாமல் மாறும்.

மாறும் என்பதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. வங்கிக்கும் லவுஞ்சுக்கும் நடுவே நின்று கணக்குத் தீர்க்கும் இடைநிறுவனங்களில் பெரியதாக இருந்த டிரீம்ஃபோக்ஸ், 2025 செப்டம்பர் 16 முதல் தன் உள்நாட்டு லவுஞ்ச் சேவையை நிறுத்தியது. வங்கிகள் வேறு ஏற்பாடுகளுக்கு மாறின. அதற்கு முன் எழுதப்பட்ட "இந்தச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள்" வகை யோசனைகள் இன்னும் வாட்ஸ்ஆப்பில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நம்பிப் போனால் வரவேற்பு மேசையில் நின்றுகொண்டு வங்கியின் உதவி எண்ணை அழைக்க நேரும்.

டெபிட் கார்டுகளில் கவனிக்க வேண்டியது ரூபே செலக்ட். உள்நாட்டுச் சலுகையோடு ஆண்டுக்கு இரண்டு பன்னாட்டு லவுஞ்ச் என்று வருவது அந்த ரகம். ரூபே பிளாட்டினத்தில் உள்நாடு மட்டும். ஜன்தன் கணக்குக்குத் தரும் சாதாரண ரூபே கார்டில் எதுவும் இல்லை. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியானாலும், ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் இந்தியன் வங்கி, ஐஓபி ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "என் கணக்குக்கு செலக்ட் ரகம் கிடைக்குமா, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு?" டெபிட் கார்டின் பெரிய வசதி, கூட்டுக் கணக்கில் கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனிக் கார்டு வாங்கலாம் என்பது. பேரப்பிள்ளையைப் பார்க்க சிங்கப்பூர் போகும் பெற்றோர் இருவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

கிரெடிட் கார்டில் இலவசம் என்ற சொல்லுக்கு இப்போது விலை உண்டு. எச்டிஎஃப்சி தன் ரெகாலியா, மில்லேனியா கார்டுகளுக்கு 2023 டிசம்பர் 1 முதல் காலாண்டுக்கு ரூ.1 லட்சம் செலவு என்ற நிபந்தனையைக் கொண்டுவந்தது. ஐசிஐசிஐ பல கார்டுகளுக்கு ரூ.35,000 என்று வைத்திருந்த அளவை 2024 நவம்பர் 15 முதல் ரூ.75,000 ஆக்கியது. ஆண்டுக்கு ஒருமுறை பறப்பவர், ஒரு தட்டு இட்லிக்காகக் காலாண்டுக்கு முக்கால் லட்சம் செலவழிக்கத் திட்டம் போடுவது வீண் வேலை. ஏற்கெனவே அந்த அளவு செலவு கார்டில் ஓடுகிறது என்றால் மட்டும் கணக்கில் எடுங்கள்.

அதிலும் ஒரு கால இடைவெளி இருக்கிறது. பல வங்கிகளில் கடந்த காலாண்டின் செலவுதான் இந்தக் காலாண்டில் கதவைத் திறக்கும். ஜனவரி-மார்ச், ஏப்ரல்-ஜூன், ஜூலை-செப்டம்பர், அக்டோபர்-டிசம்பர் என்று நாள்காட்டிப்படி எண்ணுவார்கள். தீபாவளித் துணிமணிக்கு அக்டோபரில் தேய்த்த கார்டு, பொங்கல் முடிந்து திரும்பிப் போகும் ஜனவரியில் பலன் தரும். தீபாவளிக்கு ஊர் வந்து நவம்பரில் திரும்புகிறவருக்கோ ஜூலை-செப்டம்பர் செலவு வேண்டும். குறுவைக்குப் போட்ட பணம் நெல்லாகித் திரும்பாத, ஆடியில் கையைக் கட்டிப்போடுகிற அந்த மூன்று மாதத்தில் எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் கார்டு தேய்கிறது?

இன்னொரு ஓட்டை யுபிஐ. டெபிட் கார்டுக்குச் செலவு நிபந்தனை இருக்கும் வங்கிகளில், கார்டைக் கடையில் தேய்த்ததும் இணையத்தில் கார்டு எண் போட்டு வாங்கியதும்தான் செலவு. ஏடிஎம்மில் எடுத்த பணம் சேராது. மளிகை, மருந்து, உரக்கடை என்று எல்லா இடத்திலும் போனைக் காட்டிப் பணம் அனுப்புகிறவரின் கார்டுச் செலவு வங்கியின் கணக்கில் சுழியம். கிரெடிட் கார்டிலும் பெட்ரோல், வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது, தவணையாக மாற்றியது போன்றவற்றைப் பல வங்கிகள் கழித்துவிடும்.

மேசையில் நடப்பது

லவுஞ்ச் வாசலில் கேட்பது மூன்று: அன்றைய போர்டிங் பாஸ், கார்டு அல்லது வங்கி அனுப்பிய வவுச்சர், சில சமயம் பாஸ்போர்ட். நேரடியாகக் கார்டைத் தேய்க்கும் முறையில் கார்டு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்க ஒரு சிறு தொகை எடுப்பார்கள். ரூபே, விசா என்றால் ரூ.2, மாஸ்டர்கார்டு என்றால் ரூ.25 என்பது வழக்கம். இது திரும்பி வராது. பின் எண் மறந்துபோனால் இங்கேயே கதை முடிந்தது.

வவுச்சர் முறைக்கு மாறிய வங்கிகளில் கார்டைத் தேய்த்தால் வேலைக்காகாது. செலவு அளவைத் தொட்டதும் எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சலில் ஓர் இணைப்பு வரும். அதைத் திறந்து, ஓடிபி போட்டு, குறியீட்டை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். காலாவதித் தேதி அதிலேயே இருக்கும். இதை வீட்டில் செய்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது உத்தமம். வெளிநாட்டில் இந்திய சிம்முக்கு ரோமிங் இல்லையென்றால் ஓடிபி வராது, திரும்பும் பயணத்தில் கை பிசைய வேண்டியதுதான்.

எல்லாவற்றையும்விடத் தமிழ்ப் பயணிகள் அதிகம் மாட்டுவது பெயரில். வங்கிக் கார்டில் "ஜி செல்வம்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டிருப்பார்கள். போர்டிங் பாஸில் "கோவிந்தராசு செல்வம்" என்று அச்சாகும், அதுவும் சில சமயம் பாதியில் வெட்டுப்பட்டு. கார்டின் பெயரும் போர்டிங் பாஸின் பெயரும் பொருந்த வேண்டும் என்பது விதி. திருச்சியிலும் சென்னையிலும் மேசையில் இருப்பவருக்கு இனிஷியல் வழக்கம் தெரியும், பாஸ்போர்ட்டைக் காட்டினால் தலையாட்டிவிடுவார். வெளிநாட்டில் அந்தப் பழக்கம் எதிர்பார்க்க முடியாது. அடுத்த முறை கார்டு புதுப்பிக்கும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் அச்சடிக்கச் சொல்லி எழுதிக் கொடுப்பதுதான் நிலையான தீர்வு. கணக்குத் தொடங்கிய அன்றே கையில் தரும் பெயரில்லாத கார்டை இதற்கு நம்ப வேண்டாம்.

வெளிநாட்டு லவுஞ்சில் இன்னொரு தடங்கல். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 அக்டோபர் முதல் புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும். வாடிக்கையாளர்தான் திறந்துவிட வேண்டும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் கார்டை நீட்டி "டிக்ளைன்டு" என்று வந்தால் பாதி நேரம் காரணம் இதுதான். வங்கிச் செயலியில் கார்டு கட்டுப்பாடு பகுதிக்குப் போய் இன்டர்நேஷனல் என்பதை இயக்கி, வரம்பைச் சிறிதாக வைத்துக்கொண்டால் போதும். ஊர் திரும்பியதும் மூடிவிடுங்கள்.

பிரயாரிட்டி பாஸ் என்ற லவுஞ்ச் உறுப்பினர் அட்டைக்குத் தனி எச்சரிக்கை. கிரெடிட் கார்டோடு இலவசமாக வந்த அந்தக் கறுப்பு அட்டை பெரும்பாலும் இந்தியாவுக்கு வெளியே மட்டும் இலவசம். அதைத் திருச்சியிலோ சென்னையிலோ நீட்டினால் யாரும் தடுக்க மாட்டார்கள், சிரித்த முகத்தோடு உள்ளே விடுவார்கள். அடுத்த மாத பில்லில் 27 டாலரும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் வந்து உட்காரும். எச்டிஎஃப்சி கார்டுகளின் விதிகளில் இந்தத் தொகையைப் பார்க்கலாம். இந்தியாவுக்குள் வங்கிக் கார்டு, வெளியே பிரயாரிட்டி பாஸ் என்று பர்ஸில் இரண்டையும் தனித்தனி அறையில் வைப்பதே பாதுகாப்பு. காசு கொடுத்து உறுப்பினராகும் அடிப்படைத் திட்டம் ஆண்டுக்கு 99 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் 35 டாலர் என்ற கணக்கில் ஓடியது. ஆண்டுக்கு ஒரு பயணம் போகிறவருக்கு இது யானை விலை.

நேரம்தான் உண்மையான கட்டணம்

லவுஞ்சுகளில் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 3 மணி நேரத்துக்கு முன் சேர்க்க மாட்டார்கள். உள்ளே 2 அல்லது 3 மணி நேரம்தான் இருக்க விடுவார்கள். பயணப் பைகளைப் போடும் கவுன்டரும் ஏறக்குறைய அதே 3 மணி நேரத்துக்கு முன்புதான் திறக்கும். லவுஞ்ச் இமிகிரேஷன், பாதுகாப்புச் சோதனை இரண்டையும் தாண்டி உள்ளே இருக்கும். இப்போது கூட்டிப் பாருங்கள். 12 மணி விமானம் என்றால் 9 மணிக்குக் கவுன்டர், வரிசை 30 நிமிடம், இமிகிரேஷனும் சோதனையும் இன்னொரு 30, 40 நிமிடம். கையில் மிஞ்சுவது ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அதிலும் கடைசி 40 நிமிடம் விமானம் ஏறும் வாயிலுக்கு. நாகையிலிருந்து மதியமே கிளம்பி 6 மணிக்கு வந்து நின்றாலும் லவுஞ்ச் நேரம் ஒரு நிமிடம்கூட அதிகமாகாது. வெளியில்தான் காத்திருக்க வேண்டும்.

இரவில் அடுத்தடுத்து விமானங்கள் இருப்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் லவுஞ்சுக்கு வருவார்கள். இடமில்லை என்று பத்து, இருபது நிமிடம் நிறுத்திவைப்பதும் நடக்கும். கார்டு சலுகையில் வருகிறவருக்கு முன்பதிவு கிடையாது, காத்திருக்கத்தான் வேண்டும்.

திருச்சியின் புதிய முனையம் 2024 ஜூன் 11 முதல் இயங்குகிறது. 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளுக்கு என்று கட்டியது. இடம் தாராளம், நாற்காலிகள் புதுசு. பழைய முனையத்தின் நெரிசலில் லவுஞ்ச் ஒரு புகலிடமாகத் தெரிந்தது. இப்போது வெளியே உட்கார்ந்தாலும் பெரிய குறை இல்லை. கார்டு மறுக்கப்பட்டால் வாதாடாமல் ஒரு காபியோடு வாயில் அருகே உட்கார்வது மேல்.

உள்ளே என்ன கிடைக்கும்? இந்திய லவுஞ்சுகளில் காலையில் இட்லி, வடை, பொங்கல் அல்லது உப்புமா. மற்ற நேரத்தில் சாதம், பருப்பு, ஒரு பனீர் குழம்பு, நூடுல்ஸ், கேக் துண்டு. சூடுபடுத்தும் பாத்திரத்தில் இரண்டு மணி நேரம் கிடந்த இட்லியின் நிலைமை எல்லோருக்கும் தெரிந்ததே. புதுத் தட்டு வைத்தவுடன் எடுப்பது ஒன்றே வழி. பணியாளரிடம் கேட்டால் அடுத்தது எப்போது வரும் என்று சொல்வார். காபி இயந்திரத்தில் பொத்தானை அழுத்தினால் வருவது காபி நிறத்தில் இருக்கும். டிகிரி காபி குடித்து வளர்ந்தவர்கள் டீயோடு நிறுத்திக்கொள்ளலாம். உணவை வெளியே எடுத்துப் போகக் கூடாது. மது சில இடங்களில் சேர்த்தி, சில இடங்களில் தனிக்காசு. தள்ளாடிக்கொண்டு வாயிலுக்கு வந்தவரை ஏற்ற மறுக்க விமான நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்பது நினைவிருக்கட்டும்.

விமான அறிவிப்பை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். பல லவுஞ்சுகளில் அறிவிப்பே கேட்காது. போனில் அலாரம் வையுங்கள்.

சாங்கியும் கோலாலம்பூரும்

சர்வதேசச் சலுகை ஆண்டுக்கு இரண்டுதான் என்றால் அதைத் திருச்சியில் செலவழிக்காமல் சிங்கப்பூரில் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஆஸ்திரேலியா, ஜப்பான் போகிறவர்கள் நடுவில் நான்கு, ஐந்து மணி நேரம் காத்திருப்பார்கள்; அங்கேதான் லவுஞ்சின் குளியலறையும் சாப்பாடும் பணத்துக்குத் தகும். ஸ்கூட் டெர்மினல் 1-ல் இயங்குகிறது. அங்கே பிளாசா பிரீமியம் லவுஞ்ச் இருக்கிறது. டெர்மினல் 1, 2, 3 மூன்றும் உள்ளுக்குள்ளேயே ஸ்கைட்ரெயினால் இணைந்திருப்பதால் டெர்மினல் 3-ல் உள்ள சாட்ஸ் பிரீமியர் லவுஞ்சுக்கும் போய் வரலாம். ஆனால் இந்த மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை ஒவ்வொரு வாயிலிலும் தனியாக நடக்கும். சென்னைப் பழக்கத்தில் கடைசி நேரத்தில் எழுந்து போனால் வாயிலில் ஒரு வரிசை காத்திருக்கும். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் எழுந்துவிட வேண்டும்.

அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸ் இல்லாமல் ட்ரான்சிட் லவுஞ்சில் சேர்க்க மாட்டார்கள். ஒரே டிக்கெட்டாக எடுத்தவர்கள் திருச்சிக் கவுன்டரிலேயே இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தனித்தனியாக எடுத்தவர்கள் பையை எடுக்க சிங்கப்பூர் குடிநுழைவைத் தாண்ட வேண்டியிருக்கும், விசாவோ விசா இல்லாத ட்ரான்சிட் அனுமதிக்கான தகுதியோ இல்லாவிட்டால் அது முடியாத காரியம்.

லவுஞ்ச் கிடைக்காவிட்டாலும் சாங்கியில் பெரிய நட்டமில்லை. டெர்மினல் 3-ல் வண்ணத்துப்பூச்சித் தோட்டமும் இலவசத் திரையரங்கும் இருக்கின்றன. கால் பிடிக்கும் இயந்திரங்களும் காசு கேட்பதில்லை.

கோலாலம்பூரில் கவனம் தேவை. ஏர் ஏசியா டெர்மினல் 2, பாத்திக் ஏர் டெர்மினல் 1. இரண்டும் தனித்தனிக் கட்டடங்கள், நடுவே ரயில். கார்டின் பட்டியலில் "கோலாலம்பூர்" என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனால், அந்த லவுஞ்ச் உங்கள் விமானம் இல்லாத முனையத்தில் இருக்கலாம். முனைய எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குடும்பத்தோடு போனால்

ஒரு கார்டு, ஒரு ஆள். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் காசில்லை; அதற்கு மேல் ஐந்து வயதுப் பையனும் ஒரு விருந்தாளிக் கணக்குதான். பிரயாரிட்டி பாஸில் விருந்தாளியைச் சேர்த்தால் மறுபேச்சில்லாமல் பில்லில் ஏறும், எவ்வளவு என்று மேசையில் யாரும் சொல்லமாட்டார்கள், கையெழுத்து மட்டும் வாங்குவார்கள். கையெழுத்திடும் சீட்டில் ஆட்கள் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். துணைக் கார்டு வாங்கலாம் என்றால், அதற்குத் தனி எண்ணிக்கையா, முதன்மைக் கார்டின் எண்ணிக்கையிலிருந்து கழிப்பார்களா என்று முன்பே கேட்க வேண்டும். நான்கு பேரில் இரண்டு பேருக்கு மட்டும் சலுகை என்றால் பேசாமல் எல்லோரும் வெளியே சாப்பிடுங்கள். நான்கு தோசைக்கு ஆகும் செலவு, இரண்டு விருந்தாளிக் கட்டணத்தைவிடக் குறைவு.

முதியவர்களுக்குச் சக்கர நாற்காலி கேட்டிருந்தால், உதவியாளர் நேராக வாயிலில் கொண்டு விட்டுவிட்டுப் போய்விடுவார். லவுஞ்சில் இறக்கிவிடும்படி சோதனை முடிந்த உடனேயே சொல்லி, எத்தனை மணிக்குத் திரும்ப வர வேண்டும் என்பதையும் பேசிக்கொள்ள வேண்டும். வராவிட்டால் லவுஞ்ச் மேசையிலிருந்து விமான நிறுவனத்துக்குப் போன் போடச் சொல்லலாம்.

உழவன், மன்னை எக்ஸ்பிரஸ்களில் போய் சென்னையில் ஏறுகிறவர்கள் தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் விமான நிலையத்துக்கு எதிரே உள்ள திரிசூலம் போவது வழக்கம். விடியற்காலை சேர்ந்து, விமானம் பிற்பகலில் என்றால் லவுஞ்சில் குளித்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். அந்த 3 மணி நேர விதி அங்கேயும் உண்டு. அதேபோல் ஊர் திரும்பித் திருச்சியில் இறங்கியவருக்கு லவுஞ்ச் கிடையாது. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் தஞ்சாவூர் போகும் வழியில் விடியும் முன்பே திறந்திருக்கும் டீக்கடைதான்.